நான் மட்டும்தான்

பேங்க்கில் ஒரு கணக்குத் தொடங்குவது அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை என்று அத்தான் சொல்லி நாலு நாள் ஆகிவிட்டது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. பாப்பாதான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

பாப்பா என்றதும் தொட்டிலில் கிடக்கிற குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தாறு. கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்கியாயிற்று. ஒரு கல்யாணம் ஆகி அதையும் பிடுங்கியாயிற்று. அக்காவுக்கு இவள் பிறந்ததிலிருந்து பாப்பா. அக்கா சொல்லிச் சொல்லி அத்தானுக்கும் பாப்பா. மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தமிழே தெரியாது. அவர்களும் அதுதான் பெயர் போலிருக்கிறது என்று படியில் பார்க்கும்போதெல்லாம் பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம். புருஷன் விட்டுவிட்டுப் போன செய்தி கேட்ட அன்றைக்கே அக்கா போன் செய்து, "கட்டின துணியோட கிளம்பி வா, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றாள். சொன்னது போலவே பார்த்துக்கொண்டாள். டிக்கெட் பார்த்துக்கொண்டாள், விசா பார்த்துக்கொண்டாள், குளிருக்கு ஒரு கோட்டு வாங்கி அதன் பொத்தானையும் தானே போட்டுவிட்டாள். பாப்பாவின் பாஸ்போர்ட், தோடு, தலைவலி மாத்திரை எல்லாம் அக்காவின் அலமாரியில் இருந்தன. ஐந்து மாதமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளைப் பார்த்து அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு தடவையாவது சுளித்திருந்தால் இவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் அந்த வேலை. ஹோட்டல் விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் ஒரு பெரிய கூடம். ஈரமாக வந்து விழும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, சூடாகச் சுழலும் உருளைக்குள் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு வெளியே வரும். மேற்பார்வைக்காரியின் வாயும் கோணிக்கொள்ளும். வேலை பார்த்துக் காட்டச் சொன்ன இரண்டு நாளும் பாப்பா பிடித்த முனை கோணவில்லை. எதிர்முனையில் நின்றவளுக்கும் இவளுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. புருவத்தை உயர்த்தினால் 'விடு' என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த இரண்டு நாளில் யாரும் இவளுக்குப் பொத்தான் போட்டுவிடவில்லை. வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டில் ஒரு சூடு பட்ட தழும்பு இருந்தது. அதை அவள் ரசித்துப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் முடிவில் மேற்பார்வைக்காரி, கூட்டிப்போக வந்த அத்தான் மூலமாக, வேலை உனக்குத்தான் என்றாள். ஆனால் சம்பளம் போட பேங்க் கணக்கு வேண்டும். கணக்கு அவள் பெயரில்தான் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் நம்பரைப் போனில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றாள். அத்தான் போன் செய்து, என் கணக்கிலேயே போட்டுவிடுங்களேன், எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று கேட்டுப் பார்த்தார். அப்படிப் போட முடியாது என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

அத்தான் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஊரின் அத்தனை சந்தும் அவருக்கு அத்துப்படி. வீட்டுக்கு அவர்தான் வக்கீல், வைத்தியர், வெளியுறவுத் துறை மந்திரி. செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் பாப்பாவைப் பேங்க்குக்குக் கூட்டிப்போனார்.

கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. மேசைக்குப் பின்னால் கட்டையாக முடி வெட்டிய ஒரு பெண். எந்தக் கேள்வி கேட்டாலும் பாப்பாவைப் பார்த்துத்தான் கேட்டாள். எந்தக் கேள்வி கேட்டாலும் அத்தான்தான் பதில் சொன்னார். பெயர் என்ன? அத்தான் சொன்னார். பிறந்த தேதி? அத்தான் சொன்னார். அதையும் ஒரு வருஷம் தள்ளிச் சொன்னார். எங்கே குடியிருக்கிறீர்கள்? என் வீட்டில்தான் என்றார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல், சார் கொஞ்சம் வெளியே நாற்காலியில் உட்கார முடியுமா என்றாள்.

அத்தான் எழுந்து போனார். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் மேசைப் போனில் ஏதோ நம்பரைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தினாள். போனுக்குள்ளிருந்து தமிழ் வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். அவங்க கேக்கறதை உங்களுக்குச் சொல்லுவேன், நீங்க சொல்றதை அவங்களுக்குச் சொல்லுவேன். என் சொந்தக் கருத்து எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சரிங்களா?"

வயதான ஆண் குரல். பின்னால் எங்கேயோ பாத்திரம் உருண்டது. பாப்பாவுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. சரிங்க ஐயா என்றாள்.

"இந்தக் கணக்கை நீங்க மட்டும்தான் பயன்படுத்தப்போறீங்களான்னு கேக்கறாங்க."

என்ன கேள்வி இது? பந்தியில் உட்கார்ந்தவளிடம், இத்தனை சோற்றையும் நீ ஒருத்தியேதான் தின்னப்போகிறாயா என்று கேட்டால் மானமுள்ள எவளாவது ஆமாம் என்பாளா?

"ஐயய்யோ, நான் மட்டும் இல்லைங்க. அப்படியெல்லாம் நினைக்கறவ இல்லை நான். அக்கா குடும்பத்தோடதான் இருக்கேன். எல்லாருக்கும்தான்."

போன் அதைச் சொன்னது. அந்தப் பெண் எதையோ தட்டச்சு செய்தாள்.

"கார்டு யார்கிட்ட இருக்கும்?"

"அக்காகிட்டதான். நான் தொலைச்சிடுவேன்."

"ரகசிய நம்பர்?"

"அத்தானுக்குத் தெரிஞ்சாப் போதும். அவர்தானே மெஷின்ல போட்டு எடுக்கணும்."

"கணக்குத் தொடங்கச் சொல்லி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"அத்தான்தான் சொன்னாரு. ஷிப்டை மாத்திட்டுக் கூட்டிட்டு வந்திருக்காரு பாவம்."

"வேற யாரோட பணமாவது உங்க கணக்குக்குள்ள வருமா?"

பாப்பாவுக்கு இதில் மட்டும் சிரிப்பு வந்தது. "வந்தா வரட்டுமேங்க. பணம் வந்தா யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

போன் தயங்கித் தயங்கி, "அம்மா, இதை அப்படியே சொல்லிடவா?" என்றது.

"தாராளமாச் சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் மெதுவான குரலில் நிறையப் பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது: இன்றைக்குக் கணக்குத் தொடங்க முடியாது. உங்கள் பெயரில் கணக்கைத் தொடங்கி வேறு யாரோ பயன்படுத்தப்போகிறார்களோ என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் யாராவது உங்களை மிரட்டினால், அடித்தால், வெளியே விடாமல் வைத்திருந்தால் உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாக யோசித்துவிட்டு மறுபடி வரலாம். அவரில்லாமல் வந்தால் நல்லது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அத்தான் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாப்பா வாயைத் திறக்கவில்லை. அக்கா கதவைத் திறந்ததும் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

அத்தான் சோபாவில் உட்கார்ந்தவர் உடனே எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா இந்த ஊர்ல பஸ் ஓட்டறேன். ஒரு சிக்னல் தாண்டினதில்லை. எனக்கு இந்தப் பட்டமா? கொழுந்தியாளை அடைச்சு வச்சு அவ பேர்ல பணம் கடத்தறவனா நான்?"

"நான் உங்களைத் தப்பா ஒண்ணும் சொல்லலை அத்தான்."

"நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தாலே போதும். கார்டு அக்காகிட்ட, நம்பர் அத்தான்கிட்டன்னா அவ வேற என்ன நினைப்பா? கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு."

அக்கா மட்டும் சத்தம் போடவில்லை. "வெளிய விடாம வச்சிருக்கேனாமா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தம்ளர்களை மறுபடி கழுவினாள். அவள் அழுதாளா என்று பார்க்கப் பாப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு முழுக்க பாப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த துணியைப் பிரித்து மடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், குளிர்கிறது என்று மூடினாள், புழுங்குகிறது என்று திறந்தாள். அந்த வெளுக்கும் கூடத்தில் இந்நேரம் தன் முனையை வேறு எவளாவது பிடித்துக்கொண்டிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வருகிற வேகத்தைப் பார்த்தால் வாரத்துக்கு நடுவில் வேறு கிழமையே இல்லை போலிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்த அத்தான், சீருடையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கையில் பேனாவுக்குப் பதில் ஒரு கரண்டி.

"வா, இப்படி எதிர்ல உக்காரு. நான்தான் இப்ப பேங்க்ல இருக்கற பொண்ணு."

"சரி அத்தான்."

"பேங்க்ல என்ன அத்தான்? மேடம்னு சொல்லு."

"சரி மேடம்."

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடமிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. இரண்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"இந்தக் கணக்கை யாரெல்லாம் பயன்படுத்துவீங்க?"

"நாங்க..."

"நாங்க இல்லை. நான். நான் மட்டும்தான். சொல்லு."

"நான் மட்டும்தான்."

"கடையில எதையோ எடுத்து ஒளிச்சு வச்சவ மாதிரி சொல்றே. நிமிர்ந்து சொல்லு."

"நான் மட்டும்தான்."

"கார்டு?"

"என்கிட்டதான் இருக்கும்."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. அத்தான் அதைக் கவனிக்கவில்லை. பாடம் நன்றாகப் போகிற உற்சாகத்தில் இருந்தார். "ரகசிய நம்பர்?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்க அக்கா கேட்டா?"

அக்கா கத்தியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றாள். வெங்காயம் கண்ணில் ஏறியிருந்தது. "சொல்லேன். அக்கா கேட்டா என்ன சொல்லுவே? நானும் தெரிஞ்சுக்கறேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பாப்பா, மேசையைப் பார்த்து.

"நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறீங்க" என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து.

"அட, இது சும்மா வாய் வார்த்தைடி. அங்க போய் ஒப்பிக்கறதுக்கு. கார்டு கைக்கு வந்ததும் வழக்கம்போல உன் கைப்பைக்குள்ள போடப்போறா. என்ன பாப்பா?"

"ஆமாம் அத்தான்."

"கேட்டியா? அவ வச்சிருந்தா சாயங்காலத்துக்குள்ள தொலைச்சிடுவான்னு ஊருக்கே தெரியும்."

அக்கா திரும்பிப் போனாள். கத்திச் சத்தம் மறுபடி கேட்டது. ஆனால் ஒரே வெங்காயத்தை அத்தனை பொடியாக அவள் நறுக்கி யாரும் பார்த்ததில்லை.

இங்கேதான் ஒரு விஷயம் நடந்தது. அத்தானும் எதிர்பார்க்கவில்லை, பாப்பாவும் எதிர்பார்க்கவில்லை. ஒப்பிக்கக் கற்றுக்கொண்டது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, நான் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை காரமான எதையோ தின்றதுபோல நாக்கு விறுவிறுத்தது. அப்புறம் அடங்கவில்லை. படி பெருக்கும்போது சொன்னாள், துணி காயப் போடும்போது சொன்னாள். சொல்ல வரவில்லையே என்றுதான் முதலில் பயந்தாள். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று இப்போது பயந்தாள். கூப்பிட்டு வைத்துச் சோறு போடுகிறவளுக்குச் செய்கிற துரோகம் இல்லையா இது? துரோகம்தான் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

வியாழக்கிழமை அத்தானுக்கு ஷிப்ட். அவர் வரவும் கூடாது. பாப்பா தனியாகவே போகிறேன் என்றாள். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதே அறை, அதே பெண். மேசைப் போனில் அதே பெரியவர். "வணக்கம்மா, மறுபடி நான்தான்" என்றார். அது சொந்தக் கருத்தாகிவிடுமோ என்று உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தப் பெண் அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"கூட வந்தவங்க உள்ள இருக்கலாமா, வெளிய இருக்கணுமான்னு கேக்கறாங்க. நீங்கதான் முடிவு பண்ணணுமாம்."

வெளியே அனுப்பியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். ஒப்பித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அக்கா நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவளை எழுந்து போ என்று சொல்லப் பாப்பாவுக்கு வாய் வரவில்லை.

"அக்கா இருக்கட்டும்."

கேள்விகள் ஆரம்பித்தன. நான் மட்டும்தான் என்றாள். கார்டு என்கிட்டதான் என்றாள். நம்பர் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றாள். வேற யார் பணமும் வராது, என் சம்பளம் மட்டும்தான் என்றாள். எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. அக்கா சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குடும்பம் எதற்காகவோ பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் முன்பு எழுதியதைத் திரையில் தேடிப் படித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். போன் அதைக் கொஞ்சம் தாமதித்துச் சொன்னது.

"முந்தாநாள் வேற மாதிரி சொன்னீங்களேம்மா. இப்ப ஏன் மாத்திச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க."

இது அத்தானின் பாடத்தில் இல்லை. பாப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். அந்தப் பெண்ணின் விரல்கள் தட்டச்சுப் பலகையின் மேல் காத்துக்கொண்டிருந்தன. தவறாக ஒரு வார்த்தை வந்தால் அவ்வளவுதான். அந்த உருளையின் சூடு, எதிர்முனைக்காரியின் புருவம் எல்லாம் நாளையோடு போய்விடும்.

"முந்தாநாள் மரியாதைக்குச் சொன்னேங்க" என்றாள். "எங்க வீட்டுல எனக்கு மட்டும்னு சொன்னா அது கெட்ட வார்த்தை மாதிரி. அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

போன் சொன்னது. அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

"ஊர்ல எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சுங்க. துணிக்கடையில நின்னு சம்பாதிச்சது எல்லாம் அதுலதான் விழுந்துச்சு. கார்டு வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கும். நம்பரும் அவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. கேட்டா தப்பா நினைச்சுக்குவாரோன்னு கேக்கலை. ஒரு நாள் அவர் போயிட்டாரு. அவரோட அந்தச் சட்டையும் போயிடுச்சு."

பெரியவர் மொழிபெயர்த்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"அதனால இந்தத் தடவை நான்தான் வச்சுக்கணும். மத்ததெல்லாம் வீட்டுல சொல்லிக்குடுத்து ஒப்பிச்சதுதான், பொய் சொல்லலை. ஆனா இதை யாரும் சொல்லிக்குடுக்கலைங்க."

அதையும் சொல்லிவிட்டார் மனுஷர், ஒரு எழுத்து விடாமல். அந்தப் பெண் அதையும் தட்டச்சு செய்தாள். பிறகு அக்காவிடம் கையை நீட்டிப் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அக்கா கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து முடித்ததும் அந்தப் பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தது அக்காவின் கையில் இல்லை, பாப்பாவின் கையில்.

கணக்கு நம்பர் எழுதிய தாளையும் புதுக் கார்டையும் கொடுத்தாள். ஒரு சின்ன இயந்திரத்தை நகர்த்தி வைத்து, ரகசிய நம்பர் போடச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாப்பா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினாள். வலது பக்கம் அக்கா இருந்தாள். அந்தப் பக்கம்தான் கை மறைத்தது. வேண்டுமென்று செய்ததில்லை, செய்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. இரண்டு பஸ் வந்து போயின. அக்கா ஏறவில்லை, அத்தான் ஓட்டாத பஸ்ஸில் ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். அவர் வருகிற நேரம் பார்த்து நின்றார்கள். அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து, வாயை அகலப் பிரித்து, பாப்பாவின் பக்கம் நீட்டினாள்.

"போடு."

பாப்பா கார்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ்போர்ட்டையும் போடு. வழியில எங்கயாவது விழுந்துடப் போகுது."

"இருக்கட்டும்க்கா."

"என்ன இருக்கட்டும்?"

"என்கிட்டயே இருக்கட்டும்."

பையின் வாய் திறந்தபடியே இருந்தது. அக்காவின் முகம் மாறுவதைப் பாப்பா பார்த்தாள். கோபமாக மாறியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அப்ப உள்ள சொன்னதெல்லாம் நிஜமாவே சொன்னியா?"

"ஆமாம்க்கா."

"நானும் அந்த ஆளும் ஒண்ணா உனக்கு? அவன் எடுத்துட்டு ஓடினான். நான் ஓடுவேனா? இத்தனை நாள் உன் காசுல ஒரு பைசா தொட்டிருப்பேனா?"

"நீயும் அவரும் ஒண்ணு இல்லைக்கா."

"பின்ன?"

பாப்பா காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள். "நான்தான்க்கா ஒண்ணு. அவர்கிட்ட குடுத்தவளும் நான்தான். உன்கிட்ட குடுக்கறவளும் நான்தான். நீ நல்லவ. நல்லவகிட்டயே குடுத்துக் குடுத்துப் பழகினா, அடுத்தவன் வந்து கேக்கும்போதும் கை தானா நீளுது. எனக்கு அந்தக் கை மேல நம்பிக்கை இல்லை. உன் மேல இல்லாம இல்லை."

அக்கா ஜிப்பை இழுத்து மூடினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்து மூடினாள். பாப்பா உதவி செய்யக் கையை நீட்டியபோது பையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அத்தானின் பஸ் வந்தது. ஓட்டும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறது. அத்தான் அதை மீறுகிற ஆள் இல்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் புருவத்தைத் தூக்கி ஆச்சா என்று கேட்டார். பாப்பா தலையை ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. அடுத்ததாக அக்காவைப் பார்த்தார், மலர்ந்தது சுருங்கிவிட்டது. மேற்கொண்டு புருவத்தால் கேட்க முடியாத கேள்வி அது, அதனால் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. பாப்பா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றபடி மேற்பார்வைக்காரிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் உருளைகள் சுழலும் இரைச்சல் கேட்டது. பேங்க் நம்பர் என்றாள். சொல் என்றாள் அந்த அம்மாள். எண்கள் மட்டும் இந்த ஊர் மொழியில் பாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அத்தான் பஸ் நம்பர்களை வைத்தே சொல்லிக்கொடுத்திருந்தார்.

முதல் எண்ணைச் சொன்னபோதே அக்கா கைப்பையை மடியில் போட்டுவிட்டு இரண்டு காதிலும் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தாள்.

"இந்த நம்பர் ரகசியம் இல்லைக்கா. இதை யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம்."

"எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "உன்னுது. உன்கிட்டயே இருக்கட்டும்."

கோபத்தில்தான் சொன்னாள். விரல்கள் இரண்டும் இன்னும் காதை அடைத்துக்கொண்டுதான் இருந்தன. அடைத்த காதுக்கு இவள் சொன்னது எப்படிக் கேட்டது என்று பாப்பா கேட்கவில்லை. மேற்பார்வைக்காரி மீதி எண்களுக்காகக் காத்திருந்தாள்.